கொம்பியூட்டர் எழும்புகிற நேரம்

போன மாரி ஓய்ந்த பிறகு வந்த ஒரு வெள்ளிக்கிழமை, சாறனை மடித்துக் கட்டிக்கொண்டு முன் அறையின் நடுவில் நின்று நான் ஒரு சபதம் செய்தேன்.

"இந்தக் கொம்பியூட்டர் இனி ஒழுங்கா எழும்பணும். இல்லாட்டி இந்த ஊட்டுல ஒண்டில் அது, ஒண்டில் நான்."

குசினிக்குள்ளிருந்து பதில் தாமதமில்லாமல் வந்தது.

"அது இரிக்கட்டும். நீங்க எங்க போகப் போறீங்க?"

என் மனைவி சபூறா இப்படிக் கேட்டதில் சட்டப் பிழை ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். வீடு அவளுடைய சீதனம். வளவு அவளுடையது. கிணறு அவளுடையது. மாமரத்தில் இருந்துகொண்டு என் தலையில் எச்சமிடுகிற காகம் கூட அவள் பக்கத்துக் காகம்தான். நான் ஒரு சூட்கேசோடு வந்தவன். அந்தச் சூட்கேசிலும் இப்போது அவளுடைய பழைய சாரிகள் கிடக்கின்றன. இந்த வீட்டில் என் பொறுப்பில் இருக்கிற ஒரே பொருள் அந்தக் கொம்பியூட்டர். அதுவும் மகன் வாங்கி வைத்தது.

வெளியில் எனக்கு மரியாதை உண்டு. மாவடிப்பள்ளிப் பக்கத்து வட்டை ஒன்றுக்கு நான் வட்டவிதானை. வட்டை என்றால் வயல்வெளி. அங்கே யாருக்கு எப்போது தண்ணீர் என்று பங்கிடுவதும், சண்டை வந்தால் நடுவில் நின்று இரண்டு பக்கத்தாரிடமும் ஏச்சு வாங்குவதும் என் வேலை. வரம்பில் நான் வந்தால் "விதானையார் வாறார்" என்று மண்வெட்டியைக் கீழே வைப்பார்கள். வீட்டு வாசலைத் தாண்டினால் நான் வெறும் 'இன்ஸாப்ட வாப்பா'.

இன்ஸாப் எங்கள் ஒரே பிள்ளை. கட்டாரில் வேலை. போவதற்கு முன் கொம்பியூட்டரை வாங்கி, முன் அறையில் மேசை போட்டு, திரைக்கு மேலே சின்னக் கமெரா ஒன்றையும் மாட்டிவிட்டுப் போனான். வெள்ளிக்கிழமை அவனுக்கு விடுமுறை. அங்கே ஜும்ஆத் தொழுகை முடிகிறபோது இங்கே அஸர், பின்னேரத் தொழுகை நேரம். அப்போது கூப்பிடுவான், முகம் பார்த்துக் கதைக்கலாம் என்று ஏற்பாடு. எங்களிடம் இருப்பது ஒரே ஒரு பட்டன் போன். அது சபூறாவின் போன். எந்நேரமும் பிரிட்ஜுக்கு மேலேதான் கிடக்கும். மகன் முதலில் அதற்கு ஒரு மிஸ்கோல் தருவான். ஒரு தரம் அடித்து நின்றுவிடும். கொம்பியூட்டரைப் போடுங்கள், நான் வருகிறேன் என்பது அதன் அர்த்தம். கொம்பியூட்டரை முதலே போட்டு வைத்துக்கொண்டு இருக்கலாம்தானே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். கரண்ட் வீண், இடி முழங்கினால் மெசின் எரிந்துபோகும், ஆகவே மிஸ்கோல் வந்த பிறகுதான் பிளக்கைக் குத்த வேண்டும் என்று சபூறா சட்டம் போட்டிருந்தாள். வீடு அவளுடையது. பிளக்கும் அவளுடையது.

ஆரம்பத்தில் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. மிஸ்கோல் வரும், மெசின் எழும்பும், மகன் திரையில் வந்து சிரிப்பான். அவன் தாடி வளர்வதையும் தலைமயிர் குறைவதையும் நாங்கள் வாரத்துக்கு வாரம் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு வாரம் விட்டு வாரம் ஆனது. பிறகு மெசினுக்கு வயது போய்விட்டது. பொத்தானை அழுத்தினால் முதலில் ஒரு முனகல். பிறகு கறுப்புத் திரை. பிறகு ஒரு வட்டம் சுற்றும். அது சுற்றச் சுற்ற எனக்குத் தலை சுற்றும். கடைசியில் படம் வந்தாலும் அம்பு அசையாது. போன நோன்புப் பெருநாளுக்குப் பிறகு நாங்கள் மகனின் முகத்தையே பார்க்கவில்லை.

ஒவ்வொரு வெள்ளியும் இதே கதைதான். அஸர் தொழுதுவிட்டு வந்து நான் கதிரையில் இருப்பேன். குசினியிலிருந்து சபூறாவின் குரல் வரும்.

"இன்ஸாப்ட வாப்பா, மகன் மிஸ்கோல் தந்துட்டான். போடுங்க."

பாய்ந்து போய்ப் பிளக்கைக் குத்துவேன். மெசின் முனகும், சுற்றும், எழும்பும். அதற்குள் சபூறா ஒரு சம்பலை இடித்து முடித்துவிடுவாள். திரையில் யாரும் இருக்க மாட்டார்கள். பிளேன்டீயோடு வந்து, மகன் பார்த்துவிட்டுப் போயிருப்பான், கூட்டாளிமார் கடற்கரைக்குக் கூப்பிட்டிருப்பார்கள், மெசின் எழும்பாததற்கு அவன் என்ன செய்வான் என்பாள். நான் மெசினுக்கு ஏசுவேன். அதன் உம்மா வாப்பாவையும் விடமாட்டேன். பிள்ளையின் முகம் பார்க்காமல் எனக்கு நெஞ்சுக்குள் அடைத்துக்கொண்டிருந்தது. அடைத்ததை எல்லாம் அந்தத் தகரப் பெட்டியின் தலையில் கொட்டிக்கொண்டிருந்தேன்.

ஆகவேதான் சபதம். கொம்பியூட்டர் திருத்துகிற கோகிலனிடம் போய் யோசனை கேட்டு, மெசினை வேகமாக்கப் போகிறேன் என்று அறிவித்தேன்.

"வேகிறதெல்லாம் இந்த ஊட்டுல என்ட அடுப்புலதான்" என்றாள் சபூறா. "அத உடுங்க."

"வேகம் எண்டா வேகிறதில்ல புள்ள. சுறுக்கா எழும்புறது."

"விடிய சுபஹுக்கு உங்கள எழுப்புறத்துக்கு நான் எத்தின தரம் கத்துற? உங்களயே நான் இன்னம் கடைக்குக் கொண்டு போகல்ல."

"நான் எழும்பாட்டி ஒருத்தருக்கும் நட்டமில்ல. அது எழும்பாட்டி மகன்ட முகம் இல்ல."

அம்மியைக் கழுவிக்கொண்டு நின்றவள், ஆம்பிளைப் பிள்ளை எப்போதும் வேறொரு வீட்டுக்குப் போகிறவன்தானே, நீங்களும் அப்படித்தானே வந்தீர்கள் என்றாள். பிறகு, பொறுத்தார் பூமி ஆள்வார் என்றாள். நான் இவ்வளவு காலம் பொறுத்து ஆண்டது அந்தக் கதிரை ஒன்றைத்தான் என்றேன். பெற்ற தாய்க்குப் பிள்ளையைப் பார்க்கிற ஆசை இவ்வளவுதானா என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன். அப்படி நினைத்ததற்கு அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும்.

கோகிலன் காரைதீவுப் பொடியன். பொடியன் என்கிறேனே தவிர, அவனுக்கும் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகின்றன. கல்முனை மெயின் றோட்டில் கொம்பியூட்டர் திருத்தும் கடை வைத்திருக்கிறான். வாய் ஓயாமல் கதைப்பான். கை அதைவிட வேகம். நான் முறைப்பாட்டைச் சொல்லி முடிக்க, அவன் மெசினைப் பற்றிக் கேட்காமல் வயலைப் பற்றிக் கேட்டான்.

"விதானையார், கடைசி வயலுக்குத் தண்ணி பிந்தினா என்ன செய்வீங்க?"

"வாய்க்கால் வழிய நடந்து போய்ப் பாப்பன். எவன் மறிச்சிக் கட்டியிரிக்கான் எண்டு தெரியணுமே."

"அதையேதான் இதிலயும் செய்யணும். சும்மா மெசினுக்கு ஏசிப் பிரயோசனமில்ல. எந்த இடத்தில பிந்துது எண்டு முதல்ல பாருங்க."

பிறகு விளக்கினான். கறுப்புத் திரை முதலாவது துண்டு. அப்போது மெசின் தன் உடம்பைத் தானே தடவிப் பார்க்கிறது. வட்டம் சுற்றுவது இரண்டாவது துண்டு. அப்போதுதான் உள்ளே இருந்து மெசினை நடத்துகிற பெரியவர் எழும்புகிறார். படம் வந்து அம்பு அசையாமல் நிற்பது மூன்றாவது துண்டு. அது பெரியவரோடு சேர்ந்து எழும்புகிற கூட்டத்தால் வருகிற வினை. கூப்பிட்டவன், கூப்பிடாதவன் எல்லாரும் ஒரே நேரத்தில் எழும்பி வழியை மறித்துக்கொண்டு நிற்பார்களாம். அவர்களில் யார் யார் எழும்பத் தேவையில்லை என்று நிறுத்தி வைக்க ஒரு பக்கம் இருக்கிறதாம். அந்தப் பக்கத்தைத் திறக்கிற விதத்தையும் காட்டித் தந்தான். வீட்டுக்கு நான் பறந்து வந்தேன். எனக்கு விளங்கிய கணக்கு இது. மேல் வயல்காரன் முறை இல்லாமல் வரம்பை வெட்டினால் கீழ் வயல் காயும். இதைத் தீர்க்கத்தானே என்னை விதானை ஆக்கினார்கள்.

அளப்பதற்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. என் கைக்கடிகாரம் எப்போதோ நின்றுவிட்டது. ஆகவே சபூறாவின் குசினியைக் கடிகாரமாக்கினேன். நான் முன் அறையில் இருந்து கத்துவேன், அவள் அந்த நேரத்தில் எந்த வேலையில் இருக்கிறாள் என்று சொல்ல வேண்டும்.

"கறுப்புத் திரை போயிட்டு."

"வெங்காயம் உரிச்சாச்சு."

"வட்டம் நிண்டுட்டு."

"தேங்காய் திருவியாச்சு."

"அம்பு அசையுது."

"கறி கொதிச்சி இறக்கியாச்சு. வந்து தின்னுங்க."

கணக்குத் தெளிவு. மூன்றாவது துண்டில்தான் அடைப்பு. ஆனால் நிச்சயப்படுத்த மறுநாளும் அளந்தபோது, முதலாவது துண்டிலேயே கறி இறங்கிவிட்டது. விசாரித்தால், அன்றைக்கு நெத்தலியாம், ஆய்ந்து வைத்ததாம், சட்டென்று வெந்துவிட்டதாம். அதற்கடுத்த நாள் கடலைக்கறி. அது வேகவே இல்லை. அளவுகோலே சதி செய்தால் விதானை என்ன செய்வான்? இதற்கிடையில் மெசின் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும்போதே அவள் வந்து பிளக்கைப் பிடுங்கினாள். இடி முழங்குகிறதாம். வெளியில் போய்ப் பார்த்தேன். வானத்தில் மருந்துக்கும் முகில் இல்லை. காரைதீவுப் பக்கம் முழங்கியதாம். இப்படி இடையில் பிடுங்கினால் அடுத்த முறை மெசின் பயந்துபோய் மூலை முடுக்கெல்லாம் சோதித்துவிட்டுத்தான் எழும்பும் என்று கோகிலன் சொல்லியிருந்தான். அப்படியே நடந்தது. நாளுக்கு நாள் நான் வேகமாக்க, நாளுக்கு நாள் அது மெதுவாகியது. சபூறாவுக்குக் கொம்பியூட்டர் தெரியாதே, பாவம் என்று நான் அவளுக்காக இரங்கினேன்.

ஒரு புதன்கிழமை காலை அவள் மாவடிப்பள்ளியில் பிள்ளை பெற்ற வீடொன்றைப் பார்க்கப் போனாள். ஓட்டோ சந்தி திரும்பும் வரை வாசலில் நின்று கையசைத்துவிட்டு உள்ளே ஓடினேன்.

அந்தப் பக்கத்தைத் திறந்தேன். என்ன சொல்ல? எங்கள் வீட்டில் பிரின்டரே இல்லை. ஆனால் பிரின்டருக்கென்று ஒருவன் தினமும் எழும்பி, அது எங்கே எங்கே என்று தேடிக்கொண்டிருந்தான். வைரசுக்கென்று காவல்காரன்மார் இரண்டு பேர். ஒருவன் மற்றவனைக் கள்ளன் என்று சந்தேகப்பட்டு இரண்டு பேரும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். தன்னைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்று கிடந்து துடிப்பவன் ஒருவன். பாட்டுப் படிப்பவன் ஒருவன். எல்லாரையும் ஒவ்வொருவராக நிறுத்தினேன். வட்டையில் என் சொல்லுக்கு இவ்வளவு கீழ்ப்படிவு நான் கண்டதில்லை. கடைசியில் மகன் போட்டு வைத்த கிரிக்கெட் விளையாட்டு வந்தது. அதில் கை நின்றுவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் போட்ட சட்டையும் கழற்றாமல் அதன் முன்னால் இருப்பான். அவன் வந்தால் தேடுவானே என்று யோசித்தேன். பிறகு, வருகிறவன் வந்து தன் கையாலேயே போட்டுக்கொள்ளட்டும் என்று அதையும் நிறுத்தினேன். அது எனக்கு லேசாக இருக்கவில்லை. மெசின் முதலில் யாருமில்லாத சிடி தட்டைத் தட்டிப் பார்த்து நேரம் போக்குவதையும், கோகிலன் காட்டித் தந்தபடி மாற்றினேன்.

பிறகு பிஸ்மி சொல்லிப் பொத்தானை அழுத்தினேன். கதிரையை இழுத்து நான் சரியாக இருக்கவும் இல்லை, அதற்குள் அது எழும்பி நின்றது. நம்ப முடியவில்லை. நிறுத்தினேன், போட்டேன். நிறுத்தினேன், போட்டேன். ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டு எழும்பியது. தனியே நின்று நானும் சிரித்தேன். இந்த வெள்ளிக்கிழமை மகனைப் பார்க்கப் போகிறோம் என்று கண் கூடக் கலங்கிவிட்டது.

சபூறாவிடம் மூச்சு விடவில்லை. அவளைத் திகைக்க வைக்க ஒரு திட்டம் போட்டேன். வெள்ளிக்கிழமை பிரிட்ஜுக்கு மேல் இருக்கிற போனை அவளுக்குத் தெரியாமல் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது. மிஸ்கோல் என் நெஞ்சில்தான் அடிக்கும். மெசின் முன்கூட்டியே எழும்பித் தயாராக இருக்கும். மகன் திரையில் வந்து சிரித்த பிறகு, "சபூறா, இஞ்ச வா, ஆர் வந்திரிக்கான் பாரு" என்று கூப்பிடுவது. கல்யாணம் முடித்த நாள் முதல் நான் போட்ட திட்டங்களில் ஓட்டையே இல்லாத திட்டம் இது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை வந்தது. அஸர் முடிந்தது. அவள் குசினியில் பாத்திரம் உருட்டிக்கொண்டிருந்தாள். போன் என் பைக்குள். மெசினைப் போட்டேன், சத்தமில்லாமல் எழும்பியது. கதைக்கிற பக்கத்தைத் திறந்தேன். மகனின் பெயர் இருந்தது. பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி ஒன்று எரிந்தது. பச்சை எரிந்தால் ஆள் அங்கே இருக்கிறான் என்று அவனே முன்பு சொல்லித் தந்திருக்கிறான். தலைமயிரைச் சீவிக்கொண்டேன். கமெராவைத் துடைத்தேன். ஒரு கையைச் சட்டைப் பையின் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

அப்போது குசினியிலிருந்து குரல் வந்தது.

"இன்ஸாப்ட வாப்பா, மகன் மிஸ்கோல் தந்துட்டான். போடுங்க."

போன் என் நெஞ்சில் கிடந்தது. அது அடிக்கவில்லை. எடுத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. திரும்பவும் பார்த்தேன்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்கள். எனக்கு அந்த நிமிஷம் எல்லாம் விளங்கிவிட்டது. பெருநாளுக்குப் பிறகு மிஸ்கோல் என்று ஒன்று வந்ததே இல்லை. மகன் கூப்பிடவே இல்லை. அடைப்பு வாய்க்காலில் இல்லை. நான் முள்ளை வெட்டி, சேற்றை வாரி, கடைசி வயல் வரை வாய்க்காலைத் துப்புரவாக்கி வைத்திருந்தேன். மேலே மதகைத் திறக்க வேண்டியவன் திறக்கவில்லை.

இருந்தாலும் பெற்ற மனம் கேட்காது. நானே கூப்பிட்டால் என்ன என்று அவன் பெயரில் அழுத்தினேன். மணி போனது. அந்த மணி போகிற சத்தம் எவ்வளவு அழகு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது போய்க்கொண்டே இருந்து நின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் பச்சைப் புள்ளி அணைந்தது. பிள்ளை சுகமாக இருக்கிறான், கைக்கெட்டிய தூரத்தில் இருக்கிறான், எடுக்கவில்லை. அவனுக்கு ஒரு கஷ்டம் என்றால் கூட மனதைத் தேற்றலாம். ஒன்றுமில்லை. எங்கள் நினைப்பு அவனுக்குக் குறைந்துவிட்டது, அவ்வளவுதான். அது இவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியாது.

குசினியில் சம்பல் இடிக்கும் சத்தம் கேட்டது. அப்போதுதான் அவளை நினைத்தேன். எத்தனை வெள்ளிக்கிழமை அவள் அந்த அடுப்படியில் நின்று, வராத மிஸ்கோலை வந்ததாகச் சொல்லிக் குரல் கொடுத்திருப்பாள். சொல்லிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, பிளேன்டீயோடு வந்து, மகன் பார்த்துவிட்டுப் போயிருப்பான் என்று எனக்குச் சமாதானம் சொல்லியிருப்பாள். துக்கம் முழுவதையும் தான் வைத்துக்கொண்டு, எனக்கு ஏசுவதற்கு ஒரு மெசினைத் தந்திருந்தாள். அந்த மெசினை நான் திருத்திவிட்டேன். என்னைப் போல ஒரு மடையன் உண்டா?

வாய் தானாகத் திறந்தது.

"இன்னம் எழும்பல்ல புள்ள."

"பொறுத்துப் பாருங்க" என்றாள் உள்ளேயிருந்து.

திரையின் பொத்தானை அழுத்தி அதைக் கறுப்பாக்கினேன். வழக்கமாக எவ்வளவு நேரம் எடுக்குமோ அவ்வளவு நேரமும் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அதில் என் முகம் தெரிந்தது. சபூறா பிளேன்டீயோடு வந்து, மகன் பார்த்துவிட்டுப் போயிருப்பான் போல என்றாள். ஓம், இந்த மெசினால் ஒரு பிரயோசனமும் இல்லை என்றேன். இரண்டு பேரும் தேத்தண்ணீர் குடித்தோம். அவள் தொழப் போன நேரத்தில் போனை எடுத்துப் பழையபடி பிரிட்ஜுக்கு மேல் வைத்துவிட்டேன். கடைசித் துண்டு வேலையையும் சுத்தமாக முடித்ததில் எனக்கே என் மேல் ஒரு மதிப்பு வந்தது. கல்யாணம் முடித்து இத்தனை காலத்தில், எனக்குத் தெரிந்த ஒன்று சபூறாவுக்குத் தெரியாமல் இருப்பது இதுதான் முதல் தடவை. எனக்கு உண்மை தெரியும் என்பது அவளுக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் உடைந்துபோவாள். அந்தப் பொய்தான் அவள் எனக்குச் சமைத்துப் போடுகிற வெள்ளிக்கிழமைச் சோறு.

அதற்கு மெசின் பழையபடி மெதுவாக வேண்டும். இல்லாவிட்டால் ஒரு நாள் அவள் எட்டிப் பார்த்துவிடுவாள். அன்றிரவு அவள் படுத்த பிறகு, நிறுத்தியவர்களை எல்லாம் திரும்ப எழுப்பப் பார்த்தேன். கெடுப்பது சுலபம் என்று யார் சொன்னது? பிரின்டர்காரன் வந்தான், பாட்டுக்காரன் வந்தான். ஆனாலும் மெசின் துள்ளிக்கொண்டுதான் எழும்பியது. நல்லதாக்கிய ஒன்றைப் பழையபடி ஆக்குகிற வித்தை எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் பகல், வயலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, மெசினை உரப்பையில் சுற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கோகிலனிடம் போனேன். வழி நெடுக ஒரு பொய்யைச் சோடித்துக்கொண்டு போனேன். வேகமாக எழும்புகிற வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது, கண் டொக்டர் மெதுவான மெசின்தான் பாவிக்கச் சொன்னார். நல்ல பொய். காலும் கையும் வைத்த பொய்.

"இத மெதுவாக்கித் தரணும், தம்பி" என்றேன்.

உலகத்தில் எந்தக் கடைக்காரனும் கேட்டிராத வேண்டுகோள். கோகிலன் சிரிக்கவில்லை. வாய் ஓயாத கோகிலன் ஒரு சொல்லும் கதைக்கவில்லை. ஓம் என்று தலையாட்டிவிட்டு மெசினை வாங்கி மேசையில் வைத்து, ஆணியைக் கழற்றத் தொடங்கினான். எனக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு தூரம் சுமந்து வந்த பொய்யை இறக்க இடமில்லாமல் நிற்கிறேன்.

"ஏன் எண்டு கேக்க மாட்டியா?"

அவன் ஆணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"காலையில அக்கா வந்திட்டுப் போனவ, விதானையார்."

காலையில் கத்தரிக்காய் வாங்கப் போகிறேன் என்று சபூறா வெளிக்கிட்டது உண்மைதான். கத்தரிக்காய் வந்ததும் உண்மைதான்.

"ஆர், சபூறாவா? என்னத்துக்கு?"

"அவர் மெசினத் தூக்கிட்டு வருவார், மெதுவாக்கித் தரச் சொல்லுவார், செய்து குடுங்க எண்டு சொல்லத்தான்."

அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். மிஸ்கோல் வந்துவிட்டது என்று குரல் கொடுத்த பிறகுதான் அவள் போனைத் தேடினாளாம். அது பிரிட்ஜுக்கு மேல் இல்லையாம். எட்டிப் பார்த்தபோது, ஒளிர்கிற திரைக்கு முன்னால் அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டு நான் இருந்தேனாம். திரும்பிப் போய், வெறும் உரலில் உலக்கையைப் போட்டு இடித்தாளாம். அன்றைக்குச் சம்பலே இருக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இரவு நான் மெசினோடு மல்லுக்கட்டியதையும் படுத்துக்கொண்டே பார்த்து, மிச்சத்தை ஊகித்தாளாம்.

அதாவது நான் "இன்னம் எழும்பல்ல" என்று நடித்தது, எல்லாம் தெரிந்த ஒருத்திக்கு முன்னால். அவள் "பொறுத்துப் பாருங்க" என்றது, எனக்கு எல்லாம் தெரியும் என்று தெரிந்துகொண்டு. கடைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேறு என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

கோகிலன் கழற்றிய ஆணியை மேசையில் வைத்தான்.

"ஏன் எண்டு மட்டும் அவரிட்டக் கேக்க வேணாம் தம்பி, கேட்டா அழுதிருவார் எண்டு சொன்னவ. அதான் நான் கேக்கல்ல."

அவன் கேட்கவேயில்லை. ஆனாலும் சபூறா சொன்னதுதான் நடந்தது.